அம்மாவின் மடிக்கணினியும் மூன்றாவது சரணமும்

1

பிப்ரவரியில் அம்மா இறந்து ஒரு வருடம் முடிந்தது. திருச்சி மேலப்புதூரில், அம்மா ஞாயிறுதோறும் பாடிய கோயிலில், மாலையில் நினைவுத் திருப்பலி வைத்தார்கள். நான் போகவில்லை. போக முடியாத காரணங்கள் வெளிநாட்டில் இருக்கும் எவருக்கும் தெரிந்தவைதான். அவற்றை எழுதி உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். எழுத நினைத்தது ஒரு பழைய மடிக்கணினியைப் பற்றி.

நான் இருப்பது நார்வேயின் மேற்குக் கரையில். மீன் தீவனம் தயாரிக்கும் ஆலையின் ஆய்வகத்தில் வேலை. போன வருடம் செய்தி வந்த காலையில் ஆலையின் பணியாளர் பிரிவில் இருக்கும் பெண்மணியிடம் விடுப்புக் கேட்கப் போனேன். இந்த ஊர் மொழியில் 'இறந்துவிட்டார்' என்பதற்கும் 'காது கேளாதவர்' என்பதற்கும் கடைசியில் ஒரு மெல்லிய ஒலிதான் வித்தியாசம். அம்மாவுக்குக் காது கேட்காது, உடனே ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர் கனிவாகக் கேட்டுக்கொண்டு, இப்போதெல்லாம் நல்ல கருவிகள் கிடைக்கின்றனவே என்றார். மாடிப்படியில் பாதி இறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பப் போய்த் திருத்திச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒரு படிவம் கொடுத்தார். சடங்கு எத்தனை மணி நேரம் நடக்கும் என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. எங்கள் ஊரில் அது மணியில் அடங்காது என்பதை எந்தச் சொல்லால் எழுதுவது என்று தெரியாமல் கோடு போட்டுவிட்டு வந்தேன்.

2

அம்மா கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஓய்வுக்குப் பிறகு கோயில் பாடகர் குழுவுக்கு வேண்டிய பாட்டுகளை டைப் அடித்துக் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அதற்காக நான் வாங்கிக் கொடுத்த மடிக்கணினி அது. சில பாட்டுகளை அவளே எழுதினாள். பெயர் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோது அக்கா ஸ்டெல்லா அந்த மடிக்கணினியை என் பெட்டியில் வைத்தாள். இங்கே அதை யாரும் தொடப்போவதில்லை, நீ கொண்டு போ என்றாள். அக்கா பள்ளி ஆசிரியை. அம்மாவுக்குப் பிறகு பாடகர் குழு அவள் கையில்.

இங்கே வந்து திறந்தால், அது விழித்துக்கொள்ள நான் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிடலாம். அதிலிருந்த இயங்குதளத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. புதிய பதிப்பைத் தாங்க அதற்குத் தெம்பு இல்லை. இந்த ஊரில் பழைய மின்சாதனங்களை வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அங்கே கொடுக்க மனம் வரவில்லை. பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போடலாமே என்றாள் என் மகள் மெரின். பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளும் நண்பர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் எதையும் படித்துவிட்டுத்தான் செய்வேன். கோடை முழுவதும் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் வரலாற்றைப் படித்தேன். அதன் வழிவந்த இயங்குதளங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று தேதிகளைக் குறித்துவைக்கின்றன: உள்ளடக்கம் கடைசியாக மாறிய நாள், கடைசியாகத் திறந்து படித்த நாள், கோப்பின் பெயரோ உரிமையோ மாறிய நாள். தேதிப் பித்துப் பிடித்த எனக்கு இது போதும். டைரியில் மழை பெய்த நாளையும் பஸ் வராத நாளையும் குறித்துவைக்கிறவன் நான். யூனிக்ஸை உருவாக்கிய இடத்தில் என்னைப் போன்ற யாரோ ஒருவர் வேலை பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியே மழை. அம்மாவின் கோப்புகள் எல்லாவற்றையும், தேதி மாறாமல் நகலெடுக்கும் முறையில், வெளிவட்டு ஒன்றில் எடுத்து வைத்தேன். நகலும் மூலமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். சந்தேகம் தீராமல் இன்னொரு முறையும் பார்த்தேன். பிறகு மடிக்கணினியின் வட்டை முழுவதும் துடைத்துவிட்டு லினக்ஸை ஏற்றினேன். அது சட்டென்று எழுந்து நின்றது. தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்புகூட அதில் தயாராக இருந்தது. அம்மா இருந்திருந்தால் உட்கார்ந்து அடித்திருப்பாள் என்று மகிழ்ந்துபோனேன். கோப்புகளைத் திரும்ப வைத்தேன். தேதிகள் அப்படியே இருந்தன. முதல் பாட்டைத் திறந்தேன்.

திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும், தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளும், நடுவே அடைப்புக்குறிகளும் கொட்டிக் கிடந்தன.

இன்று கணினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் உண்டு, உலகம் முழுவதும் அதே எண்தான். அம்மா பழகிய காலத்து எழுத்துருக்கள் அப்படி இல்லை. கணினி தன் கையில் இருப்பது ஆங்கில எழுத்து என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகத்தை மாட்டிக் காட்டும். நான் நகலெடுத்தவை அம்மா சேமித்தவை. எழுத்துரு அவள் சேமித்தது அல்ல. அது பழைய இயங்குதளத்தின் வயிற்றுக்குள் இருந்தது. துடைத்தபோது அதுவும் போய்விட்டது. பிற்பாடு மெரின் வட்டைத் தோண்டிப் பார்த்தாள். அந்த இடத்தில் புது இயங்குதளம் உட்கார்ந்துவிட்டிருந்தது.

3

இதை அக்காவிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அவளே கூப்பிட்டாள். அம்மாவின் வருஷப் பூசைக்கு அம்மா எழுதிய மாதா பாட்டைப் பாடப்போகிறார்களாம். இரண்டு சரணங்களை அம்மா வாயால் சொல்லிக்கொடுத்துக் குழுவுக்குப் பாடமாகிவிட்டது. மூன்றாவது எங்கே என்று கேட்டால், "மெஷின்ல இருக்கு, தரேன்" என்பாளாம். தரவில்லை. பாட்டை முழுதாக ஒரு தடவையாவது பாடிவிட வேண்டும் என்பது அக்காவின் பிடிவாதம்.

"மூணாவது சரணத்தை மட்டும் அனுப்புடா சேவி. பிள்ளைங்களுக்குப் பழக்கணும்ல."

சொன்னேன். மறுமுனையில் பிரஷர் குக்கர் ஒரு விசில் அடித்தது.

"தேதி தேதியா எடுத்து வச்சியே, எழுத்தை எங்கடா விட்ட?"

இணையத்தில் பழைய எழுத்துகளை மாற்றித் தரும் கருவிகள் பல உண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், ஒரு கிறுக்கல் வேறொரு கிறுக்கலாக மாறியது என்று சொன்னேன். அக்கா அதற்குள் அடுத்த காரியத்துக்குப் போய்விட்டிருந்தாள். இந்த எழுத்தை அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்தவர் ஸ்ரீரங்கத்துக்காரர், அவரைப் போய்ப் பார்க்கிறேன் என்றாள்.

4

ரங்கராஜன் அம்மாமண்டபம் ரோட்டில் டிடிபி கடை வைத்திருந்தவர். கடை வாசலில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகளும் உற்சவ நோட்டீஸ்களும் தொங்கும். உள்ளே எங்கள் கோயில் பாட்டுத் தாள்கள் அச்சாகும். அக்கா பஸ் பிடித்து ஆற்றைத் தாண்டிப் போனாள். கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். விசாரித்ததில், மாடியிலேயே குடியிருக்கிறார் என்று தெரிந்தது. நடந்த பேச்சை அக்கா அன்று சாயங்காலமே அவர் குரலிலேயே எனக்கு நடித்துக் காட்டினாள். அவளுக்கு அது நன்றாக வரும்.

அவர் அம்மாவை மறக்கவில்லை. "உங்கம்மாவுக்கு டைப்ரைட்டர் கைம்மா. கம்ப்யூட்டர்ல ஒரு வரி முடிஞ்சா இடது கை தன்னால மேல போகும், லீவரைத் தள்றதுக்கு. அங்க லீவரே கெடையாது" என்று சிரித்தாராம்.

எழுத்துரு விஷயம் கேட்டபோது கையை விரித்துவிட்டார். அது விலைக்கு வாங்கியது இல்லை. ரெண்டு மூன்றைக் கலந்து அவரே பண்ணியது. வாடிக்கையாளர்களின் விரலுக்குத் தகுந்தபடி சில எழுத்துகளை இடம் மாற்றிக் கொடுப்பாராம். அம்மாவுக்கு எதை எங்கே மாற்றினார் என்பது அவருக்கே நினைவில்லை. அந்தக் கணினியைப் பழைய இரும்புக்காரன் தூக்கிப்போய் வெகுகாலம் ஆகிறது.

அக்கா எழுந்து கிளம்பும்போது, பின்னாலிருந்து சொன்னாராம்: "ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. எழுத்து சரியா விழறதான்னு பாக்க உங்கம்மா முதல்ல அடிச்சது உங்க ஜெபமாலைதான். முழுசும் அடிச்சா. பக்கத்துல நின்னு வரிவரியாப் படிச்சு சரிபார்த்தது நான். 'ரங்கநாதர் கோச்சுக்கப் போறார்'னு உங்கம்மா கேலி பண்ணினா. 'அவர் சயனத்துல இருக்கார், பாக்க மாட்டார்'னேன்."

அம்மாவின் கோப்புகளில் ஆங்கில எழுத்துகளில் ஜெபமாலை என்று பெயரிட்ட ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் பழைய தேதி அதற்குத்தான்.

5

இங்கே மெரினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் என்னை இந்த ஊர் வழக்கப்படி 'பாப்பா' என்பாள். "பெத்த அப்பனையே பாப்பாங்கிறாளே, உன்னைத் தொட்டில்ல போட்டு ஆட்டுவாளாடா?" என்று அக்கா இன்னும் கேலி செய்வாள். மெரின் தமிழ் பேசுவாள், அவசரம் என்றால். வாரக் கடைசித் தமிழ் வகுப்பைக் கால்பந்துக்காகச் சின்ன வயதிலேயே விட்டுவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது. நான் வற்புறுத்தியபோதெல்லாம் வீட்டில் கதவு சாத்தும் சத்தம்தான் மிச்சம். ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் சனிக்கிழமைகளில் அம்மா வீடியோவில் ஜெபமாலை சொல்லும்போது இவளும் கூட உட்கார்ந்து சொல்வாள். கேட்டுக் கேட்டு முழுவதும் வாயில் நிற்கிறது. பொருள் தெரியாது, எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்றும் தெரியாது.

ரங்கராஜன் சொன்னதை நான் சொன்னதும் ஜெபமாலைக் கோப்பைத் திரையில் திறந்தாள்.

"இது உடையலை பாப்பா. பூட்டி இருக்கு, அவ்வளவுதான். உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும்ல?"

சாப்பாட்டு மேசையில் பல சாயங்காலங்கள் உட்கார்ந்தோம். என் மனைவி செலின் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து தட்டுகளை எங்கே வைப்பது என்று கேட்பாள். மெரின் ஜெபத்தை மெதுவாகச் சொல்லுவாள். நான் அதை ஒவ்வொரு எழுத்தாகத் தாளில் எழுதுவேன். அவள் கிறுக்கலில் அதற்கு நேரான குறியைப் பிடிப்பாள். ஜெபமாலையில் ஒரே ஜெபம் திரும்பத் திரும்ப வருவது அப்போதுதான் எங்களுக்கு எவ்வளவு உதவி என்று தெரிந்தது. ஒரு இடத்தில் தவறினால் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு குறி எப்போதும் தனக்கு உரிய ஒலிக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது என்றாள். பார்த்தேன். கொம்பு. 'கெ' என்று எழுதும்போது கொம்பை முதலில் போட்டுவிட்டுத்தான் ககரத்தை எழுதுகிறோம். சொல்லும்போது ககரம்தான் முதலில். அம்மாவின் எழுத்துரு கை எழுதும் வரிசையில் வைத்திருந்தது, இன்றைய முறை வாய் சொல்லும் வரிசையில் வைக்கிறது. தாளில் எழுதிக் காட்டினேன்.

"நீ எழுதறப்போ இதை முதல்லயே போடுவியா? அடுத்து என்ன வருதுன்னு முன்னாடியே தெரிஞ்சா?"

"ஆமா."

"எல்லாருமா?"

எல்லோரும்தான் என்றேன். அவள் பேனாவை வாங்கி அந்தத் தாளில் ஒரு கொம்பு போட்டாள். சுழி எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மேலே எழுதியிருந்ததைப் பார்த்துத் தானே திருப்பிப் போட்டாள்.

லினக்ஸில் எனக்குப் பிடித்துப்போன ஒன்றை இதில்தான் கண்டேன். பெரிய மென்பொருள் எதுவும் இல்லாமல், ஒரு காரியம் மட்டும் தெரிந்த சின்னச் சின்னக் கருவிகள். ஒன்று தன் வேலையை முடித்து அடுத்ததன் கையில் கொடுக்கும். குறியை எழுத்தாக்க ஒன்று, கொம்பை இடம் மாற்ற ஒன்று, புள்ளிகளைச் சரிசெய்ய ஒன்று. மெரின் அவற்றைக் கோத்துக்கொண்டே போனாள். ஜெபத்தில் வராத எழுத்துகளுக்கு எங்களுக்குத் தெரிந்த பாட்டுகளின் கோப்புகள் உதவின.

நடுவில் ஒருநாள், ஒரே சொல் என்று இத்தனை நாள் சொல்லிவந்தது மூன்று சொற்கள் என்பதைத் திரையில் பார்த்துவிட்டு, அவற்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். "அதையா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஒவ்வொரு வாரமும்?" என்றாள். பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

6

பாட்டின் கோப்பு திறந்த சாயங்காலம் அக்காவை வீடியோவில் கூப்பிட்டோம். திருச்சியில் இரவு ஆகிவிட்டது. அக்கா கண்ணாடி மாட்டிக்கொண்டு தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தாள். நான் படிக்க வாய் எடுத்தேன். மெரின் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முதல் இரண்டு சரணங்களையும் எழுத்தெழுத்தாகப் படித்தாள். அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தவைதான். முந்திக்கொண்டு சொல்லிவிடாமல், உதட்டை அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். மூன்றாவது வந்தது.

"கொள்ளிடம் வறண்ட கோடையிலும்
கூட நடந்த தாயே,
உள்ளிடம் வறளும் அந்நாளிலே"

மெரின் நிறுத்தினாள்.

"ம், சொல்லும்மா" என்றாள் அக்கா, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல்.

"அவ்ளோதான் அத்தை."

நான் மடிக்கணினியை வாங்கிப் பார்த்தேன். கோப்பு அங்கே முடிந்திருந்தது. எங்கள் கருவி எதையாவது விழுங்கிவிட்டதோ என்று மூலக் கிறுக்கலையும் பார்த்தேன். அதுவும் அங்கேயே முடிந்திருந்தது. கடைசியாக மாறிய தேதியைப் பார்த்தேன். அம்மா படுக்கையில் விழுவதற்கு வெகு முன்னால். அதற்குப் பிறகு எத்தனையோ பாட்டுகளை அடித்திருக்கிறாள், திருநாள் அறிக்கைகள் அடித்திருக்கிறாள். நோய் வந்து தடுக்கவில்லை. நாலாவது வரி அவளுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததும் தரலாம் என்று மெஷினில் வைத்திருந்தாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நீ அழிக்கலைடா. அம்மாதான் முடிக்கலை."

நவம்பரிலிருந்து எனக்குள் இருந்த ஒன்று இறங்கியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தால் அதை அனுபவிக்க முடியவில்லை. நாலாவது வரியை யாராவது எழுதிவிடலாமே என்று நான் சொன்னேன். அவளுக்கே எழுத வரும். எதுகை பிடிப்பதில் அம்மாவைவிடக் கெட்டிக்காரி. அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்படியானால் இரண்டு சரணத்தோடு நிறுத்திவிடுங்கள் என்றேன். அதற்கும் இல்லை என்றாள்.

"எழுதினது வரைக்கும் பாடுவோம். அம்மா நின்ன எடத்துல நிப்போம்."

திருப்பலி அங்கே மாலை, எங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். கோயிலின் நேரலையை அந்த மடிக்கணினியிலேயே வைத்துக்கொண்டு மூவரும் உட்கார்ந்தோம். காணிக்கை முடிந்து, நற்கருணைக்குப் பிறகு பாட்டு தொடங்கியது. முதல் சரணம். இரண்டாவது. குழுவில் இருந்த வயதான அம்மாள் ஒருவர், வழக்கம்போல அதோடு முடிந்தது என்று நினைத்துத் தாளை மடித்தார். அக்கா கையை உயர்த்தினாள். மூன்றாவது எழுந்தது. கொள்ளிடம் என்ற சொல்லில் முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். மெரின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

அந்நாளிலே என்ற இடத்தில் அக்காவின் கை நின்றது. குரல்கள் நின்றன. கீபோர்டும் நின்றது. பீடத்தில் சாமியார் எழுந்திருக்கப் போனவர், எழாமல் அப்படியே இருந்தார். யாரும் இருமவில்லை. அக்காவின் கை மேலேயே இருந்தது.

மெரின் என் பக்கம் சாய்ந்து, "நெட் போயிடுச்சா பாப்பா?" என்றாள்.

திரையைப் பார்த்தேன். அங்கே தூணில் மாட்டிய மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. ஓடிக்கிட்டுதான் இருக்கு."